தகரப்பெட்டியில் கிடந்த மாயாவி



2025 நவம்பர் மாதம் அமெரிக்காவில் ஒரு பழைய சிறுவர் படக்கதைப் புத்தகம் ஏலத்தில் விற்கப்பட்டது. விலை 91 இலட்சம் டொலர்களுக்கு மேல். 'சுப்பர்மான்' முதலாவது இதழ் அது. 1939ஆம் ஆண்டு கடையில் அதன் விலை வெறும் 10 சதம். தாய் இறந்த பிறகு அவருடைய வீட்டை ஒழுங்குபடுத்திய மூன்று ஆண்மக்கள், கூரைக்குக் கீழுள்ள அறையில், பழைய பத்திரிகைகளுக்கு அடியில் அதைக் கண்டெடுத்தார்கள். தன்னிடம் பெறுமதியான கொமிக்ஸ் புத்தகங்கள் இருப்பதாக அந்தத் தாய் சொல்லி வந்தாராம். பிள்ளைகள் ஒருநாளும் அவற்றைக் கண்ணால் கண்டதில்லை.

இந்தச் செய்தியைத் தையல் வகுப்பில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் வகுப்பு முடிந்தபின் இரண்டு மூன்று பேர் தனியாக வந்து, தங்கள் வீட்டிலும் இப்படியான புத்தகங்கள் கிடப்பதாகச் சொன்னார்கள். ஒருவருக்குக் கணவருடையவை, இன்னொருவருக்குக் காக்காவுடையவை. பழைய பேப்பர் வாங்குகிறவர் வந்தால் நிறுத்துக் கொடுத்துவிடலாமா என்பதே அவர்களின் கேள்வி. இம்மாதப் பக்கத்தை அதற்காகவே ஒதுக்கியிருக்கிறேன்.

முதலில் ஆசையை அளவாக வைத்துக்கொள்வோம். எமது வீட்டுப் பெட்டிகளில் கோடிகள் இல்லை. தமிழ்ப் படக்கதைகள் அந்த விலைக்குப் போவதும் இல்லை. ஆனால் அவை கிலோக் கணக்கில் நிறுத்துக் கொடுக்கிற கடதாசியும் அல்ல. இதைச் சொல்வதற்கு எனக்கு ஒரு தகுதி உண்டு. சின்ன வயதில் மாமாவின் கட்டிலுக்கடியில் புகுந்து இந்தப் புத்தகங்களை வாசித்து வளர்ந்தவள் நான். ஒலுவில் வளாகத்தில் சமூகவியல் படித்த காலத்திலும் பைக்குள் ஒன்று இருக்கும். கூட்டாளிமார் கேலி செய்வார்கள். இன்றைக்கும் சுப்பர் ஹீரோ படம் புதிதாக வந்தால் எப்படியாவது பார்த்துவிடுவேன்.

இந்தப் புத்தகங்கள் எங்கிருந்து வந்தன? பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் கலண்டருக்கும் பேர்போன தமிழ்நாட்டுச் சிவகாசியில் 1972இல் 'முத்து காமிக்ஸ்' தொடங்கப்பட்டது. சௌந்தரபாண்டியன் என்பவர் அதன் பதிப்பாளர். முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி. இங்கிலாந்தில் 1962 முதல் 'வேலியண்ட்' என்ற வாராந்தச் சிறுவர் இதழில் வந்த கதை அது. லூயிஸ் கிராண்டேல் என்ற ஆய்வுகூட உதவியாளர் விபத்தில் ஒரு கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொள்கிறார். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். ஆங்கில மூலத்தில் அவர் ஆரம்பத்தில் கெட்டவராக இருந்து பிறகுதான் நல்லவராகிறார். எமது ஆட்களுக்கு அவர் எப்போதும் நல்லவர்தான். மாயாவியைப் போல மறையலாம் என்று பிளக்கில் விரலை விடப்போய் அடி வாங்கிய பையன்களின் கதைகளை மாமா சொல்லிச் சிரிப்பார். கரண்ட் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

1984 ஜூலையில் அதே சிவகாசியிலிருந்து 'லயன் காமிக்ஸ்' வந்தது. சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் அதற்கு ஆசிரியர். அதே வருடம் தினத்தந்தி நிறுவனத்தின் 'ராணி காமிக்ஸ்' தொடங்கி 2005 வரை வெளிவந்தது. டெக்ஸ் வில்லர், ஸ்பைடர், ரிப் கெர்பி, மாண்ட்ரேக், லக்கி லுக் என்று இத்தாலியிலும் இங்கிலாந்திலும் பெல்ஜியத்திலும் அமெரிக்காவிலும் பிறந்தவர்கள் எல்லோரும் தமிழ் பேசினார்கள். இவர்களில் ஸ்பைடர் கதைகள் பலவற்றை எழுதியவர் ஜெரி சீகல். சுப்பர்மானை உருவாக்கிய இரண்டு இளைஞர்களில் ஒருவர். அவருடைய வாப்பா பழைய உடுப்புக் கடை வைத்திருந்தவர். 1932இல் கடையில் திருட்டு நடந்த வேளை அதிர்ச்சியில் இதயம் நின்று இறந்துபோனார். சீகலுக்கு அப்போது 17 வயது. குண்டு துளைக்காத மனிதனை அந்தப் பிள்ளை கற்பனை செய்தது அதற்குப் பிறகு. 1938இல் சுப்பர்மானின் முழு உரிமையையும் நண்பர்கள் இருவரும் 130 டொலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கையெழுத்து வைக்கும் முன் வாசித்துப் பார்க்க வேண்டும் என்று குழுக்கூட்டங்களில் நான் சொல்லும்போதெல்லாம் இந்த 130 டொலர் என் நினைவுக்கு வரும்.

1970 முதல் 1977 வரையான காலத்தில் இந்தியச் சஞ்சிகைகளை இறக்குமதி செய்வதற்குக் கட்டுப்பாடு இருந்தது. அது தளர்ந்த பிறகு கொழும்பு வழியாகக் கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் புத்தகங்கள் வந்தன. ஆனால் கடையில் காசு கொடுத்து வாங்கிய பையன்கள் கொஞ்சப் பேர்தான். ஒருவன் வாங்குவான், பத்துப் பேர் வாசிப்பார்கள். இரண்டு மெல்லிய புத்தகத்துக்கு ஒரு தடித்த புத்தகம், அட்டை கிழிந்தது என்றால் அதற்குமேல் இன்னொன்று என்று மாற்றிக்கொள்வார்கள். கோடை மலர், தீபாவளி மலர் போன்ற மொத்தமான இதழ்களுக்கு ஆளுக்கு ஆள் போட்டி. பாடசாலை மதில், விளையாட்டு மைதானம், பஸ் தரிப்பிடம் எல்லாம் சந்தைதான். முதற்பக்கத்தில் பெயர், வகுப்பு, ஊர் எழுதுவார்கள். கைமாறும்போது பழைய பெயரின் மேல் கோடு கீறிப் புதுப்பெயர் ஏறும். சில புத்தகங்களில் நான்கு பெயர்கள் இருக்கும். அதில் சாய்ந்தமருதுப் பெயரும் காரைதீவுப் பெயரும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும். 1990க்கு முந்திய புத்தகங்களில்தான் இப்படிக் காணலாம். அதற்குப் பிறகு ஒரு ஊர்ப் பையன் மற்ற ஊருக்குப் புத்தகத்தோடு போய்வரும் நிலைமை இருக்கவில்லை.

இந்தச் சந்தையில் பெண்பிள்ளைகள் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாசித்தோம், ஆனால் மாற்றப் போகவில்லை. காக்கா வாசித்து முடித்துத் தந்தால்தான் எங்களுக்கு. இருந்தும் 'லயன்' முதல் இதழின் நாயகி ஒரு பெண் என்பது எனக்கு எப்போதும் சந்தோசமான விடயம். 'கத்தி முனையில் மாடஸ்டி' என்பது அந்த இதழ். மாடஸ்டி பிளைசி என்ற அந்தப் பாத்திரத்தை 1963இல் இங்கிலாந்தின் பீட்டர் ஓ'டொனல் உருவாக்கினார். கதைப்படி அவள் பெயர் தெரியாத ஒரு அகதிப் பிள்ளை. இரண்டாம் உலக யுத்தத்தில் இடம்பெயர்ந்தோர் முகாமொன்றிலிருந்து தப்பி, தேசம் தேசமாகத் தனியே அலைந்து வளர்ந்தவள்.

இது வெறும் கற்பனை அல்ல. ஓ'டொனல் 1942இல் படைவீரராக ஈரானின் வடபகுதியில் நிறுத்தப்பட்டிருந்தார். அந்த வழியாக அகதிகள் வந்துகொண்டிருந்தார்கள். ஒருநாள் பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி யாருடைய துணையும் இல்லாமல் தன்னந்தனியே நடந்து வந்தாள். அவளிடம் ஓர் ஆயுதம் இருந்தது. ஒரு மரத்துண்டில் நீட்டு ஆணியொன்றைக் கம்பியால் சுற்றிக் கட்டித் தானே செய்துகொண்டது. படைவீரர்கள் சாப்பாடு கொடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டுப் போகும்போது அவள் ஒருமுறை சிரித்தாள். இருபது வருடம் கழித்து ஒரு நாயகி தேவைப்பட்டபோது ஓ'டொனலுக்கு அந்தப் பிள்ளைதான் நினைவுக்கு வந்தாள். அவள் யார், பிறகு என்ன ஆனாள் என்று அவருக்குக் கடைசி வரை தெரியாது.

இதை நான் எங்கள் குழுவில் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை. ஆணி கட்டிய மரத்துண்டு என்ன அளவு இருக்கும் என்று ஒரு ராத்தா கேட்டார். 1990இல் கைக்குழந்தையோடு பாடசாலைக் கட்டிடத்தில் மூன்று மாதம் தங்கியிருந்தவர் அவர். தன் தலையணைக்கடியில் அப்போது என்ன வைத்திருந்தார் என்பதை அன்றைக்குத்தான் வாய் திறந்து சொன்னார். அதை இங்கே எழுதமாட்டேன். சாதாரணமாகக் கேள்வி கேட்டு இந்த விடயத்தை என்னால் எடுத்திருக்க முடியாது.

அன்றிலிருந்து மாதத்தில் ஒருமுறை, வகுப்பு முடிந்தபின், மடிக்கணினியில் ஒரு படம் போடுகிறோம். படம் பார்ப்பது கூடுமா கூடாதா என்று கேட்கும் சகோதரிகள் தங்கள் மௌலவியிடமோ மௌலவியாவிடமோ கேட்டுக்கொள்ளட்டும். விரும்பாதவர்கள் வீட்டுக்குப் போய்விடலாம், யாரும் குறை நினைப்பதில்லை.

எல்லோருக்கும் பிடித்தது 'மின்னல் முரளி'. 2021 டிசம்பரில் வந்த மலையாளப் படம், தமிழிலும் இருக்கிறது. டொவினோ தோமஸ் நடித்த அந்த நாயகன் ஒரு கிராமத்துத் தையல்காரன். மின்னல் தாக்கியதால் அவனுக்குச் சக்தி வருகிறது. தையல் மெஷினில் பிழைப்பு நடத்துகிறவர்கள் நிறைந்த அறையில் அதற்கு எப்படி ஆரவாரம் இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். அவனுடைய உடுப்பின் வெட்டைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் விவாதம் நடந்தது. என் மனதில் நின்றவன் வில்லன்தான். தமிழ் நடிகர் குரு சோமசுந்தரம் நடித்தது. ஊரெல்லாம் பைத்தியம் என்று ஒதுக்கிய தேநீர்க்கடைத் தொழிலாளி. அதே மின்னல் அவனையும் தாக்கியது. சக்தி இரண்டு பேருக்கும் ஒன்று, ஊர் நடத்தியது வேறு.

'மிஸ் மார்வெல்' 2022இல் தொடராக வந்தது. அமெரிக்காவின் ஜேர்சி நகரில் வாழும் பாகிஸ்தானிய முஸ்லிம் குடும்பத்துப் பெண் கமலா கான் அதன் நாயகி. கொமிக்ஸாக 2014இல் அவளுடைய சொந்த இதழ் ஆரம்பித்தபோது எழுதியவர் வில்லோ வில்சன் என்ற முஸ்லிம் பெண்மணி. கமலாவுக்குச் சக்தி தருவது குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வந்த ஒரு வளையல். பூட்டியினுடையது. 1947 பிரிவினையின்போது புகையிரத நிலையத்தில், கடைசி ரயிலுக்கு முண்டியடிக்கும் சனத்துக்குள், ஒரு சின்னப் பிள்ளை பெற்றோரைத் தவறவிடுகிறது. அந்தப் பிள்ளைதான் கமலாவின் பாட்டி. அந்த இடம் வந்ததும் எங்கள் அறையில் பேச்சில்லை. நிறுத்தவா என்று கேட்டேன். வேண்டாம், பிள்ளை வாப்பாவிடம் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். சேர்கிறது.

பழைய படங்களில் 2004இல் வந்த 'ஸ்பைடர்மான் 2' ஐயும் போட்டேன். எங்களுக்கெல்லாம் 2004 என்றால் ஒரே ஒரு நாள்தான். அந்த வருடம் நடுவில் இப்படி ஒரு படம் வந்து ஓடியது என்பதே அதிசயமாக இருக்கிறது. அதில் ஸ்பைடர்மானை வளர்த்த மே மாமி ஒரு விதவை. வீட்டுக் கடனைக் கட்ட வழியில்லாமல் வங்கிக்குப் போகிறார். வங்கி அதிகாரி இனிமையாகப் பேசி இல்லை என்கிறார். நுண்கடன் தவணைக்குப் பயந்து பின்கதவால் போகப் பழகிய எமது சகோதரிகளுக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு மாமி வீட்டைக் காலி செய்கிறார். சாமான்களைக் கட்டும்போது மகன்போல வளர்த்த பீட்டர், என் கொமிக்ஸ் புத்தகங்கள் எங்கே என்று கேட்கிறான். கொடுத்துவிட்டேன் என்கிறார் மாமி. இரண்டு வசனம்தான், கதை அதைத் தாண்டிப் போய்விடுகிறது. கடன்பட்ட விதவையின் வீட்டிலிருந்து காசு பெறுமதியான ஒரே சாமான் சும்மா போய்விட்டது என்று எனக்கு மட்டும் மனம் அடித்துக்கொண்டது.

பழைய புத்தகத்துக்கு விலை வருவதே இப்படிப் போனதால்தான். இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்காவில் பழைய கடதாசி சேகரித்தபோது கொமிக்ஸ் மூட்டை மூட்டையாகக் கூழாகியது. இங்கே யுத்தமும் இடம்பெயர்வும், அதற்குப் பிறகு 2004 டிசம்பர் 26 கடலும். எங்கள் மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் உயிர்களளவில் கொண்டுபோன கடல், கடதாசியை விட்டுவைக்குமா? மிச்சம் இருந்தவை கச்சான் சரையாகின. முத்துவும் லயனும் இன்றைக்கும் சிவகாசியிலிருந்து வருகின்றன. 2012 ஜனவரியில் வர்ணத்தில், நல்ல தாளில் புதிதாகத் தொடங்கிப் பழைய மாயாவிக் கதைகளையும் மறுபதிப்புச் செய்தார்கள். கதை மட்டும் வேண்டுமானவர் அதை வாங்கலாம். ஆனால் சிறுவயதில் தொட்ட அதே புத்தகம்தான் வேண்டும் என்று தேடுகிறவர்கள் சென்னையிலும் இருக்கிறார்கள், கொழும்பிலும் இருக்கிறார்கள், ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இப்போது ஐம்பது கடந்தவர்கள், கையில் கொஞ்சம் காசு உள்ளவர்கள்.

உங்கள் வீட்டில் இருந்தால் முதலில் வெளியே எடுத்து நிழலில் காற்றாட விடுங்கள். வெயிலில் வேண்டாம், பழைய தாள் மஞ்சளாகி நொறுங்கும். எமது கடற்காற்றில் நடுவிலுள்ள கம்பிகள் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். நகத்தால் பிடுங்காமல் மெதுவாக நிமிர்த்திக் கழற்றி நூலால் கட்டுங்கள், தையல் தெரிந்த உங்களுக்கு இது பெரிய வேலையில்லை. கிழிந்த இடத்தில் செலோரேப் ஒட்டவே வேண்டாம். பைண்டிங் செய்யக் கொடுத்தால் ஓரத்தை வெட்டிவிடுவார்கள், பெறுமதி பாதியாகும். காய்ந்த வேப்பிலை போட்டு, நிலத்திலிருந்து உயரத்தில், கறையான் எட்டாமல் வையுங்கள்.

விற்பதென்றால் அட்டை இருக்கிறதா, உட்பக்கம் முழுமையா, பழைய பதிப்பா மறுபதிப்பா என்பதைத்தான் பார்ப்பார்கள். அச்சிட்ட விலையைப் பாருங்கள், 90 பைசாவும் 2 ரூபாவும் போட்டிருந்தால் பழையது. ஒவ்வொரு அட்டையையும் போனில் படம் எடுத்து ஒரு கொப்பியில் பட்டியல் எழுதுங்கள். குறைந்தது இரண்டு பேரிடம் விலை கேளுங்கள். மொத்தமாக என்ன விலை என்று கேட்கிறவருக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள், அவருக்கு வேண்டியது அந்தக் குவியலில் மூன்றோ நான்கோதான், அதை அவர் உங்களுக்குக் காட்டமாட்டார். காசு வந்த பிறகுதான் புத்தகம் போக வேண்டும். தனியாக இருக்கும் வீட்டுக்கு வாங்குகிறவரை அழைக்காமல் நூலகத்திலோ எங்கள் நிலையத்திலோ சந்தியுங்கள். முக்கியமாக, மகனோ மருமகனோ கேட்டார் என்று தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். கணவர் விட்டுப்போன காணியை உங்கள் பெயருக்கு மாற்ற நாம் எவ்வளவு அலைகிறோம். இதுவும் அவர் விட்டுப்போனதுதான்.

மருதமுனையில் ஒரு தாயின் பெட்டியைப் பற்றி இனிச் சொல்கிறேன். அறுபதை நெருங்குகிறவர், கைத்தறியில் சாரன் நெய்து பிள்ளைகளை வளர்த்தவர். கணவர் 1990 ஆகஸ்டில் வியாபாரத்துக்கென்று போனவர், திரும்பவில்லை. அவருடைய தகரப்பெட்டி உம்மா வீட்டில், கடல் வராத பக்கம் இருந்ததால் தப்பியது. உள்ளே இரண்டு சட்டை, ஒரு கைக்கடிகாரம், 43 படக்கதைப் புத்தகங்கள். வேறு ஊரிலிருந்து ஓர் இளைஞர் வந்து, "பிள்ளைகள்ர புத்தகம்தானே மாமி" என்று எல்லாவற்றுக்கும் 5,000 ரூபா தருவதாகச் சொல்லியிருக்கிறார். தவணைக்காரர் வரும் வாரம் அது. அவர் கொடுக்கச் சம்மதிக்காமல் என்னிடம் வந்தார்.

பாய் விரித்து எல்லாவற்றையும் பரப்பினோம். 32 புத்தகங்களில் அவருடைய கணவரின் பெயர். பதினொன்றில் வேறு பெயர், பாண்டிருப்பு என்று ஊர், கோடு கீறாமல். 'லயன்' முதல் இதழ், அந்த மாடஸ்டி, அந்தப் பதினொன்றில் இருந்தது. அந்த இளைஞருக்குப் படம் அனுப்பியதும் விலை அந்த ஒன்றுக்கு மட்டும் 15,000 ஆகியது. பெயர் எழுதிய பக்கத்தைப் பிளேட்டால் சுத்தமாக வெட்டித் தந்தால் இன்னும் கூடத் தருவதாகவும் சொன்னார்.

"அது எங்கட சாமான் இல்ல மகள், அமானிதம்" என்றார் அந்தத் தாய்.

பையன்கள் மாற்றிக்கொண்ட புத்தகமாக இருக்கலாம், அப்படியென்றால் உங்களுடையதுதான் என்று நான் சொன்னேன். "இரவல் வாங்கினதாவும் இருக்கலாமே" என்றார். அந்த வாரத் தவணைக்குத் தன் நெசவு நூலில் ஒரு பகுதியைப் பக்கத்து வீட்டுக்கு விற்றார்.

தமிழ், முஸ்லிம் பெண்கள் சேர்ந்து கூடும் எங்கள் மாதாந்தக் கூட்டத்தில் அந்தப் பெயரைக் கேட்டோம். மூன்றாம் வாரம் ஓர் அக்கா தேடி வந்தார். அது அவருடைய தம்பி. 1990 ஜூனில் காணாமற்போனவர். வீடு 2004இல் கடலோடு போனது. தம்பியின் படம் ஒன்று மட்டும் உறவினர் வீட்டில் இருந்து கிடைத்ததாம், அவர் கைப்பட எழுதிய எதுவும் மிஞ்சவில்லை. பாண்டிருப்பிலிருந்து மருதமுனை நடந்து போகும் தூரம்தான். அந்த வீதிக்குள் அவர் வந்து முப்பத்தைந்து வருடமாகியிருந்தது.

தேநீர் ஆறிப்போனது. அக்கா ஒவ்வொன்றாகப் புரட்டினார். அட்டையில்லாத ஒரு ராணி காமிக்ஸில், பின்பக்கக் குறுக்கெழுத்துப் புதிரைப் பென்சிலால் நிரப்பியிருந்தது, பாதி பிழை. "தம்பிர எழுத்துத்தான். 'ழ'வுக்கு இப்பிடித்தான் வால் போடுவான்" என்றார். பிறகு அவரே சொன்னார், "இவன் ஒருத்தருக்கும் சும்மா இரவல் குடுக்கமாட்டான். மாத்தித்தான் இருப்பான். உங்கட வீட்டுப் புத்தகமும் எங்கட வீட்டில கிடந்திருக்கும். கடல் கொண்டு போயிற்று."

அந்தப் புதிர்ப் புத்தகத்தையும் இன்னொன்றையும் மட்டும் எடுத்துக்கொண்டார். இரண்டுக்கும் சந்தையில் விலை கிடையாது. மாடஸ்டியை விற்றுக் கடனைக் கட்டுங்கள் என்று அவரே வற்புறுத்தினார். பெயர் எழுதிய பக்கத்தைப் பெரிதாகப் போட்டோப் பிரதி எடுத்துக் கொடுத்தோம். பக்கத்தை வெட்டாமல் வாங்கச் சம்மதித்த வேறொருவருக்கு, கொழும்பில், 18,000 ரூபாவுக்கு அது போனது. கணவரின் புத்தகங்களில் எட்டையும் அவரே வாங்கினார். மீதி 32உம் வேப்பிலையோடு பெட்டிக்குள் இருக்கின்றன, பேரன் ஒவ்வொன்றாக எடுத்து வாசிக்கிறான்.

மாடஸ்டிக்கு வந்த காசில் பாதி, 9,000 ரூபா, பாண்டிருப்பு அக்காவுக்கு என்று அந்தத் தாய் என்னிடம் தந்தார். அக்கா வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினார். தாயும் திரும்ப எடுக்கவில்லை. இப்போது அது என் அலுமாரியில் ஒரு கடித உறைக்குள் இருக்கிறது. இரண்டு பேரும் அடுத்த கூட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.